365இல் வந்து நிற்கும் பனங்கட்டி: திணிவு நிறமாலைக் கேள்வி-பதில்

கேள்வி: பனங்கட்டியைக் கரைத்து எலக்ட்ரோஸ்ப்ரே திணிவு நிறமாலை (கரைசலை மின்னேற்றிய துளிகளாகத் தெளித்து, வரும் அயன்களின் திணிவை அளப்பது) எடுத்தோம். அதிலுள்ள சர்க்கரையான சுக்குரோசுக்கு, ஒரு புரோத்தன் ஏறி, 343 வரவேண்டும். வந்ததோ 365, 381, 707. 365இல் ஒட்சிசன் ஒன்று ஏறித்தான் 381 ஆனதா? (மாணவி, யாழ். திருநெல்வேலி)

ஒட்சிசன் ஏறவில்லை. சர்க்கரை புரோத்தனை விட்டுவிட்டுச் சோடியத்தைத்தான் இறுக்கிப் பிடிக்கும். சுக்குரோசு 342, சோடியம் 23, கூட்டினால் 365. பொற்றாசியம் ஒட்டினால் 381. இரண்டு சுக்குரோசு ஒரு சோடியத்தைப் பங்குபோட்டால் 707. கருப்பநீரில் பொற்றாசியம் தாராளம், அதனால் 381 வரத்தான் செய்யும். இந்த 16 வித்தியாசத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. கருவி துல்லியமானதென்றால் தசமத்தைப் பாருங்கள்: ஒட்சிசன் என்றால் 15.995, சோடியத்தின் இடத்தில் பொற்றாசியம் என்றால் 15.974.

சோடியம் எங்கிருந்து வந்தது? கண்ணாடிக் குடுவையே கொடுக்கும். கரையோரக் கிணற்று உவர்த்தண்ணீரில் கழுவிய குடுவை என்றால் கேட்கவே வேண்டாம். கடைசி அலசலாவது அயன் நீக்கிய நீரில் இருக்கட்டும்.

கேள்வி: தேயிலையில் பிரித்த கஃபீனில் 195உடன் 389உம் தெரிகிறது. அசுத்தமா? (ஆய்வுகூட உதவியாளர், சுன்னாகம்)

இரண்டு கஃபீன் ஒரு புரோத்தனோடு சேர்ந்த கொத்து அயன் போலத்தான் தெரிகிறது: 194, 194, 1. சந்தேகம் தீர, கரைசலைப் பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி ஓட்டுங்கள். 195 பத்தில் ஒன்றாகும்போது 389 அதைவிட வேகமாக விழும், சிலவேளை நூறில் ஒன்றுக்குப் பக்கம் வரும். உண்மையான அசுத்தம் என்றால் இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கும். ஒரு கிழமை திரும்பத் திரும்பச் சுத்திகரித்து மாதிரியை வீணாக்க முன்னர் இதைச் செய்யுங்கள், பத்து நிமிட வேலைதான்.

கேள்வி: மாதிரி போடாமலே 91, 159, 227, 295 என்று வரிசையாக வருகிறதே?

இடைவெளி 68, அது சோடியம் ஃபோர்மேற்று ஒன்றின் திணிவு; அதோடு ஒரு சோடியம் (23) ஒட்டினால் முதலாவது 91. கரைப்பானில் விட்ட ஃபோமிக் அமிலமும் எங்கிருந்தோ வந்த சோடியமும் சேர்ந்து கொத்துக் கொத்தாகப் பறக்கின்றன. கருவியை அளவுதிருத்தவே பலர் இதை வேண்டுமென்று விடுவார்கள்.

கேள்வி: நீர்க் கொத்துகளில் 21 ஏன் விசேஷம்? (உயர்தர மாணவன், பருத்தித்துறை)

நல்ல கேள்வி தம்பி. புரோத்தன் ஏறிய நீர்க் கொத்துகளை வரிசையாகப் பார்த்தால், 379இல் ஓர் உச்சி அக்கம்பக்கத்தை விட எடுப்பாக நிற்கும். அதுதான் 21 மூலக்கூறுக் கொத்து. சேர்சியும் ஃபென்னும் 1974இல் இதை எழுதினார்கள். அதே ஃபென்தான் எலக்ட்ரோஸ்ப்ரேக்காக 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 20 மூலக்கூறுகள் பன்னிரண்டு ஐங்கோண முகங்களுள்ள கூடு ஒன்றைக் கட்ட, மீதி ஒன்று உள்ளே அமர்ந்திருக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கடுதாசியில் பன்னிரண்டு ஐங்கோணம் வெட்டி ஒட்டிப் பாரும், மூலைகள் சரியாக 20 வரும்.