‘சிலோன்காரங்க புத்தி’ என்று சொல்வது தப்பா?

கேள்வி: கோத்தகிரியில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். மாமனார் காரமடையிலிருந்து வந்து போட்ட கடை. பாத்திரம் தேய்க்க வரும் அக்கா பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டுக்காரர். போன மாதம் அவர் முன்பணம் கேட்டபோது, ‘சிலோன்காரங்க புத்தியே இதுதான்’ என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் படிக்கும் மகள், ‘நீ ரேசிஸ்ட்ம்மா’ என்று சண்டைக்கு வந்துவிட்டாள். பேரனுக்குக் காய்ச்சல் என்றால் மாமியார் ‘குறும்பன் ஏதாச்சும் வெச்சிருப்பான்’ என்பார். தலை சீவாமல் இருந்தால் ‘காட்டுவாசி மாதிரி’ என்போம். காலங்காலமாகப் பேசுவதுதானே? அந்த அக்காகூட ஒன்றும் சொல்லவில்லை. ‘சிலோன்காரங்கன்னே சொல்லக் கூடாதா?’ என்கிறார் கணவர்.
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மகள் சொன்னதைத் தமிழில் இனவெறி என்கிறோம். ‘வெறி’ என்று கேட்டதும் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். உங்களுக்கு வெறி இல்லை என்று நம்புகிறேன். ஆனால் நீங்கள் சொன்னது இன இழிவுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிலோனிலிருந்து வந்தவர்கள் என்பது வெறும் தகவல். ‘நாங்க சிலோன்ல இருந்து வந்தவங்க’ என்று அந்த வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். உங்கள் கணவரும் தாராளமாகச் சொல்லலாம். அதோடு ‘புத்தி’யை ஒட்டும்போதுதான் வினை. முன்பணம் கேட்டவர் ஒருவர், பழி விழுந்தது எல்லார் தலையிலும். உங்கள் கடையில் கடன் சொல்லிப் போகிறவர்கள் எத்தனை ஊர்க்காரர்கள்! உங்கள் மாமனாரும் வெளியூரிலிருந்து வந்தவர்தான். எடை குறைந்தால் ‘காரமடைப் புத்தி’ என்று யாராவது சொன்னதுண்டா?

சிலோன்காரங்க என்று நாம் சொல்பவர்களின் பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்த வெள்ளைக்காரரின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைக்கும் போனவர்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மூட்டை முடிச்சோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கியதுதான் தமிழக அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனமான நம் டேன்டீ. ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ என்று அங்கே ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள். இந்தியாக்காரன் என்று அங்கிருந்து அனுப்பப்பட்டவன் இங்கே வந்ததும் சிலோன்காரன் ஆகிவிட்டான். உங்கள் வீட்டுக்கு வரும் அக்கா அநேகமாக இந்த மலையிலேயே பிறந்தவராக இருப்பார். அவரை இன்னும் எந்த ஊருக்குத் திருப்பி அனுப்பப் பார்க்கிறோம்?

மாமியார் சொல்வது எனக்கு இதைவிடப் பயமாக இருக்கிறது. இந்த மலையின் பழங்குடிகளான குறும்பர் செய்வினை வைப்பார்கள் என்ற இதே பேச்சை நம்பித்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்த நீலகிரியில் குறும்பர்களை அடித்துக் கொன்றிருக்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், மாடு செத்தது, பயிர் கருகியது என்று எதற்கும் அவர்கள் தலைதான் உருண்டது. வயதானவரை எதிர்த்துப் பேசுவது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் பேரன் காதில் அது விழும்போது, ‘காய்ச்சலுக்கு டாக்டர்கிட்ட போலாம் அத்தை, அவங்களை ஏன் இழுக்கறீங்க’ என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

‘காட்டுவாசி மாதிரி’யைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் நமக்கெல்லாம் முன்பே வாழ்ந்த மலை இது. பிள்ளை தலை சீவவில்லை என்றால், தலை சீவு என்றால் போதுமே.

கடிதத்தில் என்னை உறுத்தியது, ‘அந்த அக்காகூட ஒன்றும் சொல்லவில்லை’ என்ற வரிதான். கூலி வாங்கும் வீட்டில், அதுவும் முன்பணம் கேட்டு நிற்கும்போது, அவர் என்ன சொல்வார் சகோதரி? உங்கள் மகள் சண்டை போட்டுப் பேசியது அவர் பேச முடியாததைத்தான்.

நாளைக் காலை அவர் வரும்போது மகளைத் தூது விடாமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ‘அன்னிக்கு நான் சொன்னது தப்புக்கா, மனசுல வெச்சுக்காதீங்க’ என்றால் போதும். மன்னிப்போடு பழைய சேலை எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுக்க முடியுமா முடியாதா என்பதை மட்டும் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்டது அதைத்தானே.