பயாப்ஸி முடிவுக்கு முன் சொந்தச் செலவில் பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவு வருவதற்குள், உடலில் செயல்பாடு மிகுந்த இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனைச் சொந்தச் செலவில் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், இப்போதைக்கு வேண்டாம். கட்டி புற்றுநோய்தானா, எந்த வகை என்பதைத் திசுப் பரிசோதனைதான் உறுதிசெய்யும். பெட் ஸ்கேனிலோ பயாப்ஸிக்காக ஊசி குத்திய இடத்து அழற்சிகூட ஒளிர்ந்து வீண் பயத்தைக் கிளப்பிவிடக்கூடும்.

வகையைப் பிரித்தறியக் திசுவுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் கூடுதல் சோதனைகள் நடப்பதால் முடிவு தாமதமாகியிருக்கலாம். தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று பொருளல்ல. மருத்துவரின் அலுவலகத்தை அழைத்து, மாதிரி எந்த நிலையில் இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள்.

அப்படியும் மனம் கேட்காவிட்டால், எந்த ஸ்கேன் என்பதை உங்கள் மருத்துவரே எழுதித் தரட்டும். அறிக்கைத் தாளோடு திரும்பிவிடாமல், டைகாம் படங்கள் (ஸ்கேனின் மூலப் படக் கோப்புகள்) உள்ள சிடியையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் மருத்துவமனையில் மறுபடி எடுக்கச் சொல்லலாம். மூச்சுத்திணறல், கால் மரத்துப்போதல் போன்றவை புதிதாகத் தோன்றினால் மட்டும் எந்த முடிவுக்கும் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.