வேலைக்காக இரண்டு வருடம் கானா போகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் போதுமா?

போதாது தம்பி. விமான நிலையத்தில் கேட்பது அந்தச் சான்றிதழ் ஒன்றைத்தான், அதனால் கம்பெனியிலும் அதோடு நிறுத்தியிருப்பார்கள். சென்னை என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போடாமலே மஞ்சள் அட்டை (அந்தச் சான்றிதழ்தான்) வாங்கித் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

என் பயமெல்லாம் மலேரியாதான். நான் கானாவின் துறைமுக ஊரான தேமாவில் வேலை பார்த்தவன். "நம்ம ஊர் கொசுக்கடியில வளர்ந்த உடம்பு, ஒண்ணும் ஆகாது" என்று அங்கே நம் ஆட்களே சொல்வார்கள். நம்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான மலேரியா வகை. கவனிக்காமல் விட்டால் மூளை, சிறுநீரகம் வரை போய்விடும்.

என் அறையில் இருந்தவர் விடுமுறைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் தன் ஊருக்குப் போனார். இரண்டாவது வாரம் காய்ச்சல். டைபாய்டு என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் மனைவி எனக்குப் போன் செய்து, "அண்ணா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு, பேச்சு குழறுது" என்று அழுதார். "கானாவிலிருந்து வந்தவர்னு சொல்லும்மா, மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கச் சொல்லு" என்றேன். அன்று மாலையே ஃபால்சிபாரம் என்று ரிசல்ட் வந்தது. ஐசியுவில் கிடந்து பிழைத்தார். மலேரியா வராமல் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர், ஊருக்குத்தானே போகிறோம் என்று விமானம் ஏறிய அன்றே நிறுத்திவிட்டார். அந்த மாத்திரையை ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் விடாமல் போட வேண்டும்.

அவராக ஏன் கானா என்று சொல்லவில்லை தெரியுமா? ஊரில் எல்லோரிடமும் "வெளிநாடு" என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தார். அமெரிக்கா போனவனை வாசல் வரை வந்து வழியனுப்புகிற சொந்தபந்தம், ஆப்பிரிக்கா என்றால் "வேற இடமே கிடைக்கலையா?" என்று கேட்கிறது. என்னையும் கேட்டார்கள். என் தங்கை கல்யாணத்தை நடத்தியது அந்தச் சம்பளம்தான். அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

வருடக்கணக்கில் மாத்திரை தின்றால் கல்லீரல் போய்விடும் என்று சிலர் கீழே எழுத வருவார்கள். நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு காலம் என்பதை டாக்டர் உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு செய்யட்டும். அவரிடம் கேட்காமல் மட்டும் கிளம்பாதீர்கள், கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள்.

டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகளையும் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி இதுவரை போடவில்லை என்றால் வழக்கமாக மூன்று தவணை, முடிய 6 மாதம் ஆகும், அதனால் முதல் ஊசியை இந்த வாரமே போடுங்கள். சுகர், பிரஷர் மாத்திரை இருந்தால் அட்டையைப் பிரிக்காமல், மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.