கேள்வி பதில்: மோட்டார் ஓடினால் தொடர்பு அறுகிறது

கேள்வி: ஆறு டிரைவ்களை (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) ஆர்எஸ்-485 என்ற வகை சிக்னல் கேபிளில், மோட்பஸ் ஆர்டியூ என்ற தகவல் பரிமாற்ற முறை மூலம் பிஎல்சியுடன் (இயந்திரங்களுக்குக் கட்டளையிடும் கட்டுப்பாட்டுக் கணினி) இணைத்திருக்கிறோம். மோட்டார்கள் நிற்கும்போது எல்லாம் சரி. ஓட ஆரம்பித்ததும் தொடர்பு விட்டுவிட்டுப் போகிறது. பாட் ரேட்டை (தகவல் அனுப்பும் வேகத்தை) குறைக்கலாமா?

பதில்: குறைத்தால் கொஞ்சம் அடங்கலாம், ஆனால் கோளாறு வயரிங்கில்தான் இருக்கிறது. நிற்கும்போது வேலை செய்கிறது என்றால் டிரைவின் முகவரி, பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கும் அமைப்பு), ரிஜிஸ்டர் எண் (டிரைவுக்குள் தகவல் இருக்கும் இடத்தின் எண்) எல்லாம் சரிதான். அவற்றைத் தொடாதீர்கள். டிரைவ் மோட்டாருக்கு அனுப்பும் மின்னழுத்தம் நொடிக்குப் பல ஆயிரம் முறை விட்டுவிட்டு வருகிறது. அந்த இரைச்சல் பக்கத்து சிக்னல் கேபிளில் ஏறிவிடும்.

முதலில் கேபிள் டிரேயை (கேபிள்களைத் தாங்கும் தட்டு) பாருங்கள். சிக்னல் கேபிளை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள முறுக்கு ஜோடிக் கேபிள்தான் வேண்டும். ஒரு டிரைவிலிருந்து அடுத்ததற்கு என்று தொடராகப் போகட்டும். நடுவிலிருந்து பிரித்துக் கொடுக்கும் இணைப்பை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் தடுக்கும் 120 ஓம் ரெசிஸ்டர் கேபிளின் இரு முனைகளில் மட்டும். பல டிரைவ்களில் அதற்குச் சின்ன சுவிட்ச் இருக்கும். நடுவில் உள்ளவற்றில் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஏ, பி என்ற இரு சிக்னல் கம்பிகளோடு காமன் கம்பியும் (எல்லாக் கருவிகளின் சிக்னலுக்கும் பொதுவான கம்பி) எல்லா டிரைவுக்கும் போக வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: தொடர்பு அறுந்தால் டிரைவ் என்ன செய்ய வேண்டும் என்று செட் செய்திருக்கிறீர்களா? டைம்அவுட் (குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் தொடர்பு அறுந்ததாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு) வைக்காவிட்டால் கடைசியாக வந்த வேகத்திலேயே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கலாம். நிறுத்தும் கட்டளையும் போய்ச் சேராது. அவசர நிறுத்தத்தைக் கண்டிப்பாகத் தனி வயரில் வையுங்கள்.