பட்டறை வேலை பார்த்துப் படம் எடுத்தவர்

"வறுமையில் வளர்ந்து, சாகசமாகவே வாழ்ந்த திரைப்பட இயக்குநர் யாராவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தயங்காமல் ஜெர்மனியின் வெர்னர் ஹெர்சாக்கைச் சொல்வேன்.

1942-இல் மியூனிக்கில் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே குண்டுவீச்சில் அக்கம்பக்கத்து வீடுகள் இடிய, அம்மா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாக்ராங் என்ற மலைக்கிராமத்துக்குப் போய்விட்டார். வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது, பசி மட்டும் தாராளமாக இருந்தது. பள்ளியில் படிக்கும்போதே ராத்திரி இரும்பாலையில் வெல்டிங் வேலை பார்த்து, அந்தக் கூலியில்தான் முதல் குறும்படங்களை எடுத்தார்.

1974-இல், திரைப்பட விமர்சகர் லோட்டே ஐஸ்னர் பாரிஸில் சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டதும், தான் நடந்தே போனால் அவர் பிழைத்துக்கொள்வார் என்று ஹெர்சாக் நம்பி, மியூனிக்கிலிருந்து பனியிலும் மழையிலும் மூன்று வாரம் நடந்தார். அவரும் பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் 'ஃபிட்ஸ்கரால்டோ' என்ற படம். கதைப்படி ஒரு நீராவிக் கப்பலை மலைமேல் ஏற்ற வேண்டும். பொம்மைக் கப்பலை வைத்து எடுத்திருக்கலாம், அவர் மறுத்துவிட்டார். பெரு நாட்டுக் காட்டில், 300 டன்னுக்கு மேல் எடையுள்ள நிஜக் கப்பலைக் கப்பியும் கம்பிவடமும் போட்டு, சேற்றுச் சரிவில் அங்குலம் அங்குலமாக இழுக்க வைத்தார். பாதியில் கதாநாயக நடிகர் நோயில் விழுந்து விலக, கிளாஸ் கின்ஸ்கியை வைத்து முதலிலிருந்து எடுத்தார். வேலையில் பலர் காயப்பட்டார்கள், அந்த விஷயத்தில் அவர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் 1982-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது அவருக்குத்தான் கிடைத்தது, அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.