நள்ளென்றது எது?

அல்சூர் வாசகி ஒருவர்: குறுந்தொகையில் 'நள்ளென்றன்றே யாமம்' என்று வருகிறதே, ஊரே அடங்கிய நேரத்தில் 'நள்' என்று ஒலித்தது எது?

எதுவும் ஒலிக்கவில்லை, அதுதான் அழகு. பதுமனார் பாடிய 6ஆம் பாட்டு. ஊர் பேச்சடங்கிவிட்டது, உலகமும் தூங்குகிறது, தலைவி ஒருத்திதான் விழித்திருக்கிறாள். சத்தமெல்லாம் ஓய்ந்தபின் காதுக்குள் ஒரு இரைச்சல் நிற்கும் இல்லையா, அதைத்தான் 'நள்' என்கிறார் என்பது என் கட்சி. ராத்திரி கரண்ட் போய் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் ஒருசேர நின்றதும் கவனித்துப் பாருங்கள், கேட்கும்.

'நள்' என்றால் நடு. நள்ளிரவு அப்படி வந்ததுதான். அதை வைத்து 'யாமம் நடுவாயிற்று' என்று பொருள் சொல்லலாம். எனக்கு ஒப்பவில்லை. பின்னால் 'என்' ஒட்டியிருக்கிறதே! 'ஒல்லென', 'சடக்கென' எல்லாம் இதே கட்டுதான். நெடுநல்வாடையில் பாசறை அரசனும் 'நள்ளென் யாமத்தும் பள்ளி கொள்ளான்'. இங்கும் தூங்காத ஒருவர் இருக்கிறார், பாருங்கள்.

ஜாலஹள்ளியிலிருந்து: இன்றைய கதையில் இதை எழுதலாமா?

தாராளமாக. ஆனால் இரவு வேண்டும், விழித்திருக்க ஓர் ஆளும் வேண்டும். 'நள்ளென்ற மதியம்' என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள்.

கே.ஆர்.புரம் வாசகர்: 'துட்கென்' என்றால்?

நம் 'திக்கென்றது'தான். குறுந்தொகை 157இல் அள்ளூர் நன்முல்லையார் பாடியது: கோழி 'குக்கூ' என்கிறது, உடனே தலைவியின் நெஞ்சு 'துட்கென்றன்று'. விடிந்தால் காதலனைப் பிரிய வேண்டுமே! கோழிக்காவது தொண்டை இருக்கிறது, சத்தம் போடுகிறது. அச்சத்துக்கு ஏது சத்தம்? அதற்கும் ஒரு 'என்' போட்டுக் கேட்கவைத்துவிடுகிறார். பகீரென்றது, சுருக்கென்றது என்று நாமும் இன்றுவரை அதையேதான் செய்கிறோம்.

ஒரு தாய்: மகளின் கன்னடப் பாடத்தில் தண்ணீர் 'ஜுளுஜுளு' என்று ஓடுகிறது. நாம் 'சலசல' என்கிறோம். எது சரி?

இரண்டும் சரி. ஒலியைப் போலவே அமைந்த இப்படிப்பட்ட சொல்லுக்குக் கன்னட இலக்கணத்தில் 'அனுகரணாவ்யய' என்று பெயர். அவர்கள் 'சரசரனெ' என்பதை நாம் 'சரசரவென' என்போம். 'சலசல'வைச் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். தனியாக நிற்கும் 'சல'வுக்கு அங்கே பொருள் கிடையாது.