கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மீள்நிரப்பும்போது தரமான சன்னங்களை எப்படித் தெரிவு செய்வது?

கேள்வி கேட்டவர் மெல்பேர்ணில் உரிமம் பெற்று, கழகம் ஒன்றில் 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியால் இலக்குச் சுடுபவர். தம் தோட்டாக்களைத் தாமே மீள்நிரப்பத் தொடங்கியிருக்கிறார். ஒரே நிறையுள்ள சன்னங்கள் கடையில் மூன்று மடங்கு விலை வித்தியாசத்தில் கிடைக்கின்றன என்றும், விலை கூடியதுதான் தரமானதா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் அதே நகரில் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்து, அங்குள்ள ஒரு கழகத்தில் சுட்டு, வீட்டுக் கராஜின் ஒரு மூலையில் பல்லாயிரம் தோட்டாக்களை நிரப்பியவன். இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறேன். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் நடைமுறையில் இருக்கும் இந்நாட்டில் அந்த வேலையை வீட்டில் வைத்துச் செய்வது பற்றி எண்ணிப் பார்க்கவே இடமில்லை. ஆகவே கீழே எழுதுவது எல்லாம் அங்கிருந்த காலத்துக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவது. இன்னொரு சிறு விளக்கம்: இங்கே பேச்சில் 'ரவை' என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறித்துவிடுகிறோம். இப்பதிலில் தோட்டா என்பது கோது (வெளி உலோக உறை), பிரைமர் (தீப்பொறி தரும் சிறு மூடி), மருந்து (எரிந்து சன்னத்தைத் தள்ளும் தூள்), சன்னம் ஆகிய நான்கும் சேர்ந்தது. சன்னம் என்பது குழலை விட்டுப் பறந்து செல்லும் உலோகத் துண்டு மட்டும்.

என் தந்தையார் செட்டியார் தெருவில் நகைத் தொழில் செய்தவர். சன்னங்களின் நிறையைக் கிரெயின் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.0648 கிராம். 9 மில்லிமீற்றருக்கு வழக்கமான நிறைகளில் ஒன்று 124 கிரெயின், அதாவது 8.04 கிராம். முதன்முதலில் அதைத் தராசில் வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அது ஏறக்குறைய ஒரு பவுணின் நிறை. பவுண் நிறுப்பவர் வீட்டில் வளர்ந்தவனுக்கு அதற்குப் பிறகு சன்னத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் நிறையை விட முக்கியமான இரண்டு விடயங்கள் இருக்கின்றன என்பதை நான் கொஞ்சம் காசு செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதலாவது, சன்னத்தின் விட்டம் உங்கள் குழலுக்குப் பொருந்த வேண்டும். எந்தக் குழலுக்கும் பொதுவான 'நல்ல சன்னம்' என்று ஒன்று கிடையாது. 9 மில்லிமீற்றர்க் குழலின் உள்ளே, சன்னத்தைச் சுழலவைப்பதற்காக வெட்டப்பட்ட சுழல்வரிப் பள்ளங்களுக்கு இடையிலான விட்டம் நியமப்படி 0.355 அங்குலம், அதாவது 9.02 மில்லிமீற்றர், செப்புறை இட்ட சன்னங்களும் அதே அளவில் வருகின்றன. வார்ப்பு ஈயச் சன்னம் என்றால் அதைவிட ஓர் ஆயிரத்திலொரு அங்குலமேனும் பெரிதாக, 0.356 என்ற அளவில் இருக்க வேண்டும். குழல் சற்று அகன்றதாக இருந்தால் 0.357 கூடத் தேவைப்படும். சிறியதாக இருந்தால் என்ன நடக்கும்? மருந்து எரிந்து உண்டாகும் சூடான வாயு சன்னத்தின் பக்கவாட்டில் நழுவிச் சென்று ஈயத்தை அரித்து உருக்கி, குழலின் உட்சுவரில் பூசிவிடுகிறது. இலக்கில் துளைகள் சிதறுகின்றன. வீட்டுக்கு வந்து அந்த ஈயத்தைச் சுரண்டி எடுக்கும் வேலை அதன் பின்னர்தான் தொடங்குகிறது.

ஆகவே சன்னம் வாங்குவதற்கு முன்னர் குழலை அளந்துகொள்ளுங்கள். துப்பாக்கி வெறுமையாக இருக்கிறது என்பதை இரண்டு தடவை உறுதிசெய்து, குழலைக் கழற்றி, உள்ளே ஒரு துளி எண்ணெய் விட்டு, விட்டத்தை விடச் சற்றுப் பெரிய தூய ஈயத் துண்டொன்றை மரக்கோலால் மெதுவாகத் தட்டி மறுபக்கம் வெளியே எடுங்கள். அதன் மேல் பதிந்திருக்கும் மேடுகளின் குறுக்கு அளவே உங்கள் பள்ள விட்டம். அளப்பதற்கு ஆயிரத்திலொரு அங்குலத்தின் பத்திலொரு பங்கைக் காட்டும் மைக்ரோமீற்றர் வேண்டும். வேணியர் இடுக்கிமானி போதாது. பள்ளங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் எளிது. ஸ்மித் அன்ட் வெஸன் சுழல் துப்பாக்கிகளில் போல ஐந்தாக இருந்தால், மேட்டுக்கு எதிரே மேடு வராது என்பதால், 'வி' வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீற்றர் தேவைப்படும். பழைய தலைமுறை குளொக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பல்கோண வடிவிலான அந்தக் குழல்களில் மூடாத ஈயச் சன்னங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, சன்னத்தின் அடிப்பகுதி. கடையில் எல்லோரும் கையிலெடுத்துப் பார்ப்பது முனையை; நான் பெட்டியைத் திறந்தவுடன் கவிழ்த்துப் பார்ப்பது அடியை. சன்னம் குழலை விட்டு வெளியேறும்போது கடைசியாக வாயைத் தாண்டுவது அடி. அந்த விளிம்பு ஒரு பக்கம் மழுங்கியோ பிசிறடித்தோ இருந்தால், வாயு அந்தப் பக்கத்தால் ஒரு கணம் முந்தி வெளியேறி, சன்னத்தைச் சற்றே சாய்த்துவிடுகிறது. முனையில் ஒரு சிறு நசுங்கல் இருந்தால் 25 மீற்றர் தூரத்தில் நீங்கள் அதை உணர மாட்டீர்கள், அடியில் இருந்தால் உணர்வீர்கள். முழுச் செப்புறைச் சன்னங்களை விட முனையில் குழியுள்ள செப்புறைச் சன்னங்கள் இலக்கில் பெரும்பாலும் நெருக்கமாக விழுவதற்கும் இதுவே காரணம். முன்னதில் செப்புக் கிண்ணம் முனையிலிருந்து இழுக்கப்பட்டு அடியில் மடிக்கப்படுவதால் ஈயம் அடியில் திறந்தே கிடக்கிறது. பின்னதில் கிண்ணத்தின் மூடிய, தட்டையான பக்கமே அடியாக அமைகிறது. ஒழுங்கற்ற மடிப்பு எல்லாம் முனைக்குப் போய்விடுகிறது. ஹோர்னடி நிறுவனத்தின் எக்ஸ்டிபி வகையும், போட்டிக்காக அவர்கள் செய்யும் எச்ஏபி வகையும் இந்த அமைப்பில்தான் வருகின்றன; விலை கூடியவை, ஆனால் அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது.

வகைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செப்பு முலாம் இட்டவை, மென்மையான ஈயத்தின் மேல் மின்பகுப்பால் செப்பைப் படியவைத்தவை. மலிவானவை, கை சுத்தமாக இருக்கும், ஆனால் தோட்டாவின் வாயை அதிகம் இறுக்கினால் முலாம் வெட்டுப்பட்டுவிடும், வேகத்தையும் தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். பொலிமர்ப் பூச்சிட்ட வார்ப்பு ஈயச் சன்னங்களே நான் அதிகம் சுட்டவை. ஹை-டெக் என்னும் அந்தப் பூச்சு அவுஸ்திரேலியாவிலேயே உருவானது, ஆகவே உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். .38 ஸ்பெஷல் என்ற சுழல் துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் நண்பர்கள் உங்களிடம் 148 கிரெயின் தட்டை முனைச் சன்னத்தைப் புகழ்வார்கள். அந்தப் புகழ் நியாயமானது, அது கடதாசியில் அச்சுக்குத்தியதைப் போன்ற சுத்தமான துளையை இடும், ஆனால் உங்கள் துப்பாக்கிக்குப் பொருந்தாது.

வார்ப்புச் சன்னங்களைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் விழுந்தவன் நான். கடினமான ஈயம் சிறந்தது என்று எண்ணி, என் மூன்றாம் ஆண்டில், மிகக் கடினமான கலவை என்று விளம்பரம் செய்யப்பட்ட ஆயிரம் சன்னங்களை மலிவாக வாங்கினேன். உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவுகோலில் தூய ஈயம் 5 அளவில் இருக்கும். நூற்றில் தொண்ணூறு பங்கு ஈயமும் ஐந்து ஐந்து பங்கு வெள்ளீயமும் அந்திமனியும் சேர்ந்த லைமன் இரண்டாம் இலக்கக் கலவை 15. அச்சுக்கூடங்களில் எழுத்து வார்த்த லைனோரைப் உலோகம் 22. நான் வாங்கியது அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. இலக்குச் சுடுதலுக்கான மென்மையான நிரப்பலில் எழும் அழுத்தம் அத்தனை கடினமான சன்னத்தின் அடியை விரியச் செய்து குழலை அடைக்கப் போதாது. அத்துடன் அவை 0.355 அளவில்தான் இருந்தன. பெட்டியில் எழுதியிருந்ததை நம்பி நான் அளக்கவே இல்லை. ஐம்பது தோட்டாக்கள் சுட்டு முடிந்தபோது குழலுக்குள் சுழல்வரிகளே தெரியவில்லை. செப்பு இழைகளைக் கோலில் சுற்றி ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேய்த்தேன். தொலைபேசியில் இதைக் கேட்ட அப்பா, "உரைகல்லில் உரைக்காமல் தங்கம் வாங்கினாயா?" என்று மட்டும் கேட்டார்.

இனி நிறைக்கு வருகிறேன். புதிய பெட்டி எதிலிருந்தும் இருபது சன்னங்களை, மேலிருந்து மட்டுமல்லாமல் நடுவிலும் அடியிலும் இருந்து எடுத்து, தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். என் குறிப்பேட்டில் ஒரு பெட்டி இருபதும் 0.3 கிரெயின் வித்தியாசத்துக்குள் அடங்கியிருக்கிறது. இன்னொன்றில் 2 கிரெயினுக்கு மேல் ஏற்ற இறக்கம். உண்மையைச் சொன்னால், ஒரு கிரெயின் வித்தியாசம் 25 மீற்றரில் துளையின் இடத்தை நீங்கள் காணக்கூடிய அளவு மாற்றாது. அப்படியானால் ஏன் நிறுக்க வேண்டும்? செய்தவரின் கவனத்துக்கு நிறை ஒரு சாட்சி. செப்புறையின் தடிப்பு, ஈயத்தின் அளவு, வார்ப்பின் வெப்பநிலை ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருப்பவரின் சன்னங்கள் ஒரே நிறையில் வருகின்றன. அவர் விட்டத்திலும் அடியிலும்கூட அதே கவனத்தைச் செலுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். வார்ப்புச் சன்னம் ஒன்று மட்டும் கூட்டத்தை விட மிகக் குறைந்த நிறையில் இருந்தால், உள்ளே காற்றுக் குமிழி ஒன்று அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அது நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருந்தால் சுழலும் சன்னம் தள்ளாடும். அத்தகையவற்றைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து அதே இருபதின் விட்டத்தையும் அளந்து பாருங்கள், ஒவ்வொன்றையும் தொண்ணூறு பாகை திருப்பி இரண்டு தடவை. வட்டமில்லாத சன்னத்தை இந்த இரண்டாவது அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

நிறையைத் தெரிவு செய்வது வேறு கேள்வி. 115, 124, 147 கிரெயின் ஆகிய மூன்றுமே 9 மில்லிமீற்றரில் நன்றாகச் சுடக்கூடியவை. விரைவுச் சுடுதல் போட்டிகளில் கிரெயினில் நிறையையும் செக்கனுக்கு எத்தனை அடி என்ற வேகத்தையும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, ஒரு குறைந்தபட்ச எல்லையைக் கேட்பார்கள். அத்தகைய போட்டிகளை நடத்தும் சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சியின் கீழ்ப்பிரிவுக்கு அது 125. பாரமான சன்னம் அந்த எல்லையைக் குறைந்த வேகத்தில் எட்டுவதால் கையில் உதைப்பு மென்மையாகத் தோன்றும், ஆகவே பலர் 147 ஐ விரும்புகிறார்கள். கடதாசியில் மட்டும் சுடுபவருக்கு 124 போதும் என்பது என் கருத்து. பவுணின் மேல் எனக்குள்ள பாசம் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

ஒரு சன்னத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, நிறை ஒன்றுதானே என்று பழைய நிரப்பல் அளவை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே 124 கிரெயினில் ஒன்று குட்டையாகவும் மற்றது நீளமாகவும் இருக்கும். நீளமானது கோதுக்குள் ஆழமாக இறங்கி, மருந்துக்குரிய இடத்தைக் குறைத்து, அழுத்தத்தைப் பெருமளவு உயர்த்திவிடும். 9 மில்லிமீற்றர் போன்ற சிறு கோதில் இதன் விளைவு கடுமையானது. அந்தச் சன்னத்துக்கென்றே வெளியிடப்பட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து மீண்டும் ஆரம்பியுங்கள். அட்டவணை கிடைக்காத சன்னத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள். பிரைமரும் மருந்தும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து, கழற்றிய குழலுக்குள் போட்டுப் பாருங்கள். 'டக்' என்று இறங்கி, விரலால் சுற்றினால் சுழன்று, கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். விழாவிட்டால் பெரும்பாலும் அந்தச் சன்னத்தின் தோள் உங்கள் குழலின் சுழல்வரியில் முட்டுகிறது.

விலையைப் பற்றிய கேள்விக்கு என் பதில் இதுதான்: பயிற்சிக்கு, அளவு சரியாக உள்ள பூச்சிட்ட வார்ப்புச் சன்னங்கள், போட்டி நாளுக்கு, அடி மூடிய செப்புறைச் சன்னங்களில் ஒரு பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு பெரிய பெட்டி வாங்குவதற்கு முன்னர், மூன்று வகைகளில் நூறு நூறாக வாங்கி, மணல் மூட்டையின் மேல் கையை ஊன்றி, 25 மீற்றரில் பத்துப் பத்தாக ஐந்து கடதாசிகள் சுடுங்கள். நிதானச் சுடுதல் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 50 மில்லிமீற்றர். ஊன்றிச் சுடும்போதே அதற்குள் அடங்காத சன்னத்தைக் கையால் பிடித்துச் சுட்டு அடக்க முடியாது. ஐந்து சுடுகளில் முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் தற்செயலுக்குத்தான் பரிசு கொடுக்கிறார்கள்.

நன்றாகச் சுட்ட பெட்டியின் தொகுதி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதே இலக்கத்தில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்று கடைக்காரரிடம் உடனே கேளுங்கள். அடுத்த தொகுதி வந்ததும் இருபதை எடுத்து மறுபடியும் தராசில் வையுங்கள்.